ஃபிளாப்பியில் அடங்காத நிறுவல் கோப்புகள்: முழுமையான வழிகாட்டி

பழைய டாஸ் அல்லது விண்டோஸ் 95 கணினி ஒன்றை மறுபடி ஓட வைக்க வேண்டும். சிடி டிரைவ் பழுது. யூஎஸ்பி கிடையாது. நெட்வொர்க் கார்டு இருக்கிறது, ஆனால் அதை இயக்கும் டிரைவர் நிரலைப் போட்டால்தான் அது வேலை செய்யும். மிச்சமிருக்கும் ஒரே வாசல் ஃபிளாப்பி டிரைவ். டிரைவர் கோப்போ கிட்டத்தட்ட 4 எம்பி. காப்பி செய்யப் போனால் வட்டில் இடம் போதவில்லை என்று நின்றுவிடுகிறது. பழைய கணினிகளைச் சேகரிப்பவர்கள் மட்டுமல்ல, பழைய சிஎன்சி இயந்திரத்தையோ எம்பிராய்டரி இயந்திரத்தையோ இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் பட்டறைக்காரர்களும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கோப்பை உடைக்க மென்பொருள் தேடும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். இந்த வேலையில் ஃபிளாப்பியின் பங்கு என்ன? கோப்புகளை ஹார்ட் டிஸ்க் வரை சுமந்து போவது மட்டும்தானா, அல்லது நிறுவும் நிரலே ஃபிளாப்பியிலிருந்துதான் ஓட வேண்டுமா? பெரும்பாலும் முதல் வகையாகத்தான் இருக்கும். அந்தக் கணினியில் ஹார்ட் டிஸ்க் இருந்து, டாஸ் ஏறி, சி டிரைவ் தெரிகிறது என்றால் ஃபிளாப்பி வெறும் சுமைவண்டிதான். கோப்பை எத்தனை துண்டாக வேண்டுமானாலும் வெட்டிக் கொண்டுபோய், அங்கே ஒட்டி, அங்கிருந்தே நிறுவலாம். இதை முடிவு செய்யாமல் ஆரம்பிப்பவர்கள்தான் அசல் நிறுவல் வட்டுகளை அப்படியே மறுபடி உருவாக்க முயன்று நாள்கணக்கில் அலைகிறார்கள்.

படி 1: வட்டில் உண்மையில் எவ்வளவு இடம் இருக்கிறது?

1.44 எம்பி என்ற எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது 1,440 கேபியை 1,000ஆல் வகுத்து வந்த எண். மூன்றரை அங்குல ஹை டென்சிட்டி வட்டில் இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 டிராக் (வட்டத் தடம்), டிராக்குக்கு 18 செக்டர் (தடத்தின் துண்டு), செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 1,474,560 பைட். அதிலும் 33 செக்டர்கள் வட்டின் சொந்தக் கணக்குவழக்குக்குப் போய்விடும்: பூட் செக்டர் ஒன்று, எந்தக் கோப்பு எங்கே என்று குறிக்கும் ஃபேட் அட்டவணையின் இரண்டு பிரதிகளுக்கு 18, வட்டின் முதல்நிலைக் கோப்புப் பட்டியலான ரூட் டைரக்டரிக்கு 14. மீதி 1,457,664 பைட். உங்கள் கோப்புக்குக் கிடைப்பது இவ்வளவுதான்.

காலி வட்டைப் போட்டு, கோப்புகளைப் பட்டியலிடும் டிர் கட்டளை கொடுங்கள். மீதி இடமாக 1,457,664 காட்டினால் வட்டு சரி. 730,112 காட்டினால் அது 720 கேபியாக ஃபார்மட் ஆனது. வட்டைத் திருப்பி மூலைகளைப் பாருங்கள். ஹை டென்சிட்டி வட்டில் இரண்டு துளைகள் இருக்கும்: ஒன்று நகரும் மூடியோடு, அது எழுதத் தடை போடுவது, எதிர் மூலையில் இருப்பது மூடி இல்லாத துளை. அந்த இரண்டாவது துளை இல்லாவிட்டால் அது டபுள் டென்சிட்டி வட்டு. அதில் துளை போட்டு 1.44 ஆக்கும் பழைய வித்தையை விட்டுவிடுங்கள். அந்தக் காந்தப் பூச்சு வேறு வகை, எழுதியது நாளடைவில் படிக்க வராமல் போகும்.

இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு எண் வந்தால் காரணம் இரண்டில் ஒன்று. மறைந்திருக்கும் கோப்புகள் இருக்கலாம். டிர் கட்டளையோடு சாய்கோடு ஏ சேர்த்துப் பாருங்கள், தெரிந்துவிடும். மேக் கணினியில் ஒருமுறை செருகிய வட்டு என்றால் புள்ளியில் தொடங்கும் பெயர்களோடு சில கோப்புகள் உட்கார்ந்திருக்கும். பூட் ஆகும் வட்டு என்றால் டாஸின் கோப்புகள் இருக்கும். எம்எஸ்-டாஸ் 6.22இல் சிஸ்டம் வட்டு உருவாக்கினால் டிஆர்விஸ்பேஸ் என்ற பெயரும் பிஐஎன் பின்னொட்டும் கொண்ட கோப்பும் கூடவே வந்து ஏறக்குறைய 65 கேபியை எடுத்துக்கொள்கிறது. சுருக்கிய டிரைவ் எதையும் நீங்கள் பயன்படுத்தவில்லை என்றால் அட்ரிப் கட்டளையால் அதன் மறைப்பை எடுத்துவிட்டு அழித்துவிடலாம். பல நேரம் அந்த 65 கேபியிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

மறைந்த கோப்பு எதுவும் இல்லை என்றால் அடுத்த சந்தேகம் கெட்ட செக்டர்கள். செக்டிஸ்க் கட்டளை எத்தனை பைட் கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடும். ஒரு கெட்ட செக்டர் இருந்தாலும் அந்த வட்டை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். சோனி நிறுவனமே 2011இல் ஃபிளாப்பி விற்பனையை நிறுத்திக்கொண்டது. இன்று கையில் இருப்பதில் பெரும்பாலானவை வயதான வட்டுகள், ஓரிடத்தில் பூச்சு போனால் பக்கத்து இடமும் போகும்.

படி 2: கூட்டினால் அடங்க வேண்டும், ஆனாலும் அடங்கவில்லை

கோப்புகளின் மொத்த அளவு 12 லட்சம் பைட்தான், இருந்தும் இடமில்லை என்கிறதா? ரூட் டைரக்டரி நிரம்பியிருக்கும். 1.44 வட்டின் ரூட் டைரக்டரியில் 224 பதிவுகளுக்குத்தான் இடம். சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய உள்ள டிரைவர் தொகுப்புகளில் இது சீக்கிரம் தீர்ந்துபோகும். விண்டோஸ் 95க்குப் பிறகு வந்த நீளமான பெயர்கள் இன்னும் மோசம். பெயரின் ஒவ்வொரு 13 எழுத்துக்கும் ஒரு பதிவு, அதற்கு மேல் குறும்பெயருக்கு ஒன்று. 30 எழுத்துப் பெயர் என்றால் நான்கு பதிவுகள். எல்லாக் கோப்புக்கும் அப்படிப் பெயர் என்றால் 56 கோப்பைத் தாண்டாது, வட்டில் பாதி இடம் காலியாகக் கிடந்தாலும்.

தீர்வு எளிது: வட்டில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி எல்லாவற்றையும் அதற்குள் போடுங்கள். இந்த எண்ணிக்கை வரம்பு ரூட்டுக்கு மட்டும்தான். அப்புறம், ஒவ்வொரு கோப்பும் 512 பைட் முழுமடங்காகத்தான் இடம் பிடிக்கும். பத்து பைட் கோப்புக்கும் 512 போய்விடும். நூற்றுக்கணக்கில் சிறு கோப்புகள் இருந்தால் ஒரே ஜிப்பாகக் கட்டிவிடுவது நல்லது.

படி 3: அது வட்டின் பிம்பமா என்று பாருங்கள்

கோப்பின் அளவு சரியாக 1,474,560 பைட்டா? அப்படியென்றால் அதைக் காப்பி செய்யவே கூடாது. அது முழு வட்டின் பிம்பக் கோப்பு. பூட் செக்டர், ஃபேட் அட்டவணை உட்பட வட்டின் ஒவ்வொரு செக்டரும் அதற்குள் இருக்கிறது. காலி வட்டில் கிடைப்பது 1,457,664 என்பதால் காப்பி செய்தால் எப்போதும் 16,896 பைட் குறைவாகத்தான் இருக்கும். ஐஎம்ஜி, ஐஎம்ஏ போன்ற பின்னொட்டுகளோடு வரும். பழைய லினக்ஸ் நிறுவல் வட்டுகளும், கணினி நிறுவனங்கள் கொடுத்த பயாஸ் புதுப்பிப்பு வட்டுகளும் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கின்றன.

இதை வட்டின் மேல் நேரடியாக எழுத வேண்டும். டாஸில் ராரைட், லினக்ஸில் டிடி கட்டளை, விண்டோஸில் வின்இமேஜ். எழுதும்போது வட்டில் முன்பு இருந்தது எல்லாம் போய்விடும். வட்டில் ஒரு கெட்ட செக்டர்கூட இருக்கக்கூடாது, ஏனென்றால் இந்த முறை கெட்ட இடத்தைத் தாண்டிப் போகாது.

பிம்பத்தின் அளவு 1,720,320 பைட் என்றால் அடுத்த படியைப் படியுங்கள்.

படி 4: டிஎம்எஃப் வட்டுகளும் விண்டோஸ் 95இன் கேப் கோப்புகளும்

இந்தத் தலைப்பில் ஆட்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். விண்டோஸ் 95இன் ஃபிளாப்பி பதிப்பு 13 வட்டுகளில் வந்தது. முதல் வட்டு சாதாரணமானது. மற்றவை மைக்ரோசாஃப்டின் டிஎம்எஃப் வடிவம். அதே பிளாஸ்டிக் வட்டு, அதே டிரைவ், ஆனால் டிராக்குக்கு 18 செக்டருக்குப் பதில் 21. அதனால் 1.68 எம்பி வரை கொள்ளும். வட்டுகளின் எண்ணிக்கை குறையும், தயாரிப்புச் செலவு குறையும். சாதாரண டிஸ்க்காப்பி கட்டளையால் நகலெடுக்கவும் முடியாது.

இதன் விளைவு என்ன? அந்த அளவுக்கு வெட்டிய கேப் கோப்பு (நிறுவல் கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய தொகுப்பு) ஒன்றை எடுத்துச் சாதாரண 1.44 வட்டில் போட்டால் அடங்கவே அடங்காது. எந்த வட்டாக இருந்தாலும், எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் அடங்காது. ஐபிஎம்மின் எக்ஸ்டிஎஃப் வடிவமும் இதே கதைதான். ஓஎஸ்/2 வார்ப்பும் பிசி டாஸ் 7ம் 1.84 எம்பி அளவு வட்டுகளில் வந்தன.

டிஎம்எஃப் வட்டை நீங்களே உருவாக்க முடியும். வின்இமேஜ் செய்யும், லினக்ஸில் எஃப்டியூட்டில்ஸ் தொகுப்பிலுள்ள சூப்பர்ஃபார்மட்டும் 21 செக்டருக்கு ஃபார்மட் செய்யும். ஒரு நிபந்தனை: மதர்போர்டில் 34 பின் கேபிளில் இணைந்த உண்மையான ஃபிளாப்பி டிரைவ் வேண்டும். கடையில் கிடைக்கும் யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ்கள் வழக்கமாக 1.44ம் 720ம் மட்டுமே அறியும். 21 செக்டர் என்றால் அவற்றுக்குப் புரியாது. யூஎஸ்பி டிரைவை வைத்துக்கொண்டு டிஎம்எஃப் எழுத முயல்வது நேர விரயம்.

என் யோசனை, வட்டை மறுபடி உருவாக்கவே வேண்டாம். கேப் கோப்புகளை ஹார்ட் டிஸ்க்கில் ஒரே ஃபோல்டருக்குள் கொண்டுவந்து அங்கிருந்து செட்டப்பை ஓட்டுங்கள். கையில் அசல் டிஎம்எஃப் வட்டுகள் இருந்தால், விண்டோஸ் 95உடன் வரும் எக்ஸ்ட்ராக்ட் நிரலுக்குச் சாய்கோடு சி என்ற தெரிவு இருக்கிறது. டிஎம்எஃப் வட்டிலிருந்து கோப்பை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுக்க வைத்ததுதான் அது.

படி 5: உடைக்கும் முன் பிரித்துப் பாருங்கள்

4 எம்பி டிரைவர் கோப்பு என்றால் அதில் உங்களுக்குத் தேவையானது 200 கேபிதான் என்று இருக்கலாம். தானே விரியும் எக்ஸி கோப்புகளைப் புதிய கணினியில் 7-ஜிப் கொண்டு பெரும்பாலும் திறந்துவிடலாம். உள்ளே விண்டோஸ் 3.1, என்டி, ஓஎஸ்/2, நெட்வேர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர், ஐந்தாறு மொழிகளில் கையேடு, ஒரு டெமோ நிரல் என்று கிடக்கும். உங்கள் இயங்குதளத்துக்கான ஃபோல்டரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் கார்டு டிரைவர் என்றால் நிறுவும் விவரம் அடங்கிய ஒரு ஐஎன்எஃப் கோப்பும் அது சுட்டும் ஓரிரு கோப்புகளும் போதும். அந்த ஐஎன்எஃப் கோப்பை நோட்பேடில் திறந்தால் என்னென்ன கோப்பு கேட்கிறது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

விண்டோஸ் எக்ஸ்பி நிறுவும்போது எஃப்6 அழுத்திக் கொடுக்கும் சாட்டா, ரெய்டு டிரைவர்கள் (ஹார்ட் டிஸ்க்கை அறிய வைப்பவை) தனி வகை. அங்கே ஃபிளாப்பி சுமைவண்டி இல்லை. நிறுவும் நிரல் நேரடியாக ஏ டிரைவில், அதாவது ஃபிளாப்பியில், தேடும், துண்டு போட முடியாது. ஆனால் தேவை சிறியது: டிஎக்ஸ்டிசெட்டப் என்ற பெயரும் ஓஇஎம் பின்னொட்டும் கொண்ட கோப்பு வட்டின் ரூட்டில், அது குறிப்பிடும் ஐஎன்எஃப், சிஸ், கேட் கோப்புகள் அது சொல்லும் ஃபோல்டரில். அந்த ஓஇஎம் கோப்பின் டிஸ்க்ஸ் பகுதியில் ஒரு அடையாளக் கோப்பின் பெயரும் இருக்கும். உள்ளே ஒன்றுமே இல்லாத கோப்பாகத் தோன்றலாம், குப்பை என்று அழித்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் சரியான வட்டைப் போடு என்று நிறுவல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: கேப் கோப்பையும் தானே விரியும் எக்ஸியையும் ஜிப் போட்டுச் சுருக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அவை ஏற்கெனவே சுருங்கியவை. மிஞ்சிப் போனால் ஓரிரண்டு சதவீதம் குறையும்.

படி 6: துண்டு போட்டுக் கொண்டுபோதல்

இரண்டு வழி இருக்கிறது. பழைய கணினியில் ஏஆர்ஜே, ஆர்ஏஆர் போன்ற கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் நிரல் இருந்தால், பல வட்டுகளாகப் பிரித்துக் கட்டும் அவற்றின் வசதியைப் பயன்படுத்தலாம். எதுவும் இல்லாத வெறும் டாஸ் என்றால் நேரடித் துண்டுதான் நல்லது, ஏனென்றால் ஒட்டுவதற்குக் காப்பி கட்டளை போதும். அது டாஸுக்குள்ளேயே இருக்கிறது.

நேரடித் துண்டுக்குப் புதிய கணினியில் 7-ஜிப்பின் கோப்பைப் பிரிக்கும் வசதி, எச்ஜேஸ்ப்ளிட், லினக்ஸின் ஸ்ப்ளிட் கட்டளை மூன்றில் எதுவும் சரி. அளவாக 1,457,664 கொடுக்கலாம். நான் 14 லட்சம் பைட் என்று கொடுத்துக் கொஞ்சம் இடம் விட்டுவைப்பேன், மறைந்த கோப்பு ஏதாவது வந்து உட்கார்ந்தாலும் துண்டு அடங்கும். 3,850,240 பைட் கோப்பு என்றால் 14 லட்சத்தில் இரண்டு துண்டு, 1,050,240இல் ஒன்று. மூன்று வட்டு.

துண்டுகளின் பெயரைக் கவனியுங்கள். பிரிக்கும் நிரல்கள் அசல் பெயருக்குப் பின்னால் 001, 002 என்று ஒட்டும். இரண்டு புள்ளி உள்ள பெயர் டாஸுக்கு ஆகாது, எட்டெழுத்துப் பெயர், மூன்றெழுத்துப் பின்னொட்டு, அவ்வளவுதான் அது அறியும். அதனால் துண்டுகளுக்கு 1, 2, 3 என்று வெறும் எண்ணையே பெயராக வைத்துவிடுங்கள். டாஸின் கட்டளை வரி 127 எழுத்துக்கு மேல் ஏற்காது என்பதால் துண்டு அதிகமானாலும் இந்தச் சின்னப் பெயர் கைகொடுக்கும்.

எல்லாத் துண்டையும் பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் ஒரே ஃபோல்டருக்குக் கொண்டுவந்த பிறகு ஒட்ட வேண்டும். காப்பி என்று தட்டி, இடைவெளி விட்டு, சாய்கோடு பி. மறுபடி இடைவெளி விட்டு 1, கூட்டல் குறி, 2, கூட்டல் குறி, 3. மறுபடி இடைவெளி விட்டுச் சேர்ந்த கோப்பின் பெயர். அந்தச் சாய்கோடு பி இல்லாமல் ஒட்டினால் கோப்பு பாழ். கூட்டல் குறி போட்டுச் சேர்க்கும்போது டாஸ் எல்லாவற்றையும் எழுத்துக் கோப்பாகவே எடுத்துக்கொள்ளும். 26 என்ற மதிப்புள்ள பைட் வந்ததும் அந்தத் துண்டு முடிந்தது என்று நிறுத்திவிடும். நிரல் கோப்பில் அந்த பைட் எங்கே வேண்டுமானாலும் வரும். 4 எம்பி ஒட்டியும் சில ஆயிரம் பைட்தான் வந்தது என்று புலம்புபவர்கள் எல்லாரும் தவறவிட்டது இந்த ஒற்றை எழுத்தைத்தான்.

ஒட்டியதும் டிர் கொடுத்து அளவு 3,850,240 இருக்கிறதா என்று கடைசி எண் வரை ஒப்பிடுங்கள். ஒரு பைட் வித்தியாசமும் கூடாது. அளவு சரியாக இருந்தும் உள்ளே கெட்டிருக்கலாம் என்பதால், ஒட்டியது ஜிப் என்றால் ஜிப்பை விரிக்கும் பிகேஅன்ஜிப் நிரலின் சோதனைத் தெரிவை ஓட்டுங்கள். அனுப்பும் பக்கத்திலும் ஒரு வேலை: வட்டில் எழுதி முடித்ததும் வெளியே எடுத்து, மறுபடி செருகி, எஃப்சி கட்டளையை சாய்கோடு பியோடு கொடுத்து அசல் துண்டோடு ஒப்பிடுங்கள். வெளியே எடுக்காமல் ஒப்பிட்டால் நினைவகத்தில் இருக்கும் பிரதியையே கணினி படித்துக் காட்டக்கூடும்.

புதிய கணினியில் எழுதியதைப் பழையது படிக்கவில்லை என்றால், இரண்டு டிரைவ்களின் தலையும் ஒரே கோட்டில் இல்லை என்று அர்த்தம். வட்டைப் பழைய கணினியிலேயே முழுதாக ஃபார்மட் செய்து, பிறகு புதியதில் எழுதிப் பாருங்கள். பல நேரம் இது கைகொடுக்கிறது. விரைவு ஃபார்மட் வேண்டாம், அது வட்டின் பரப்பைச் சோதிப்பதில்லை.

சுருக்கிக் கட்டும் வழியில் போகிறவர்களுக்கு ஏஆர்ஜேயைச் சொல்வேன். வட்டு அளவைத் தானே பார்த்து வெட்டும் தெரிவு அதில் இருக்கிறது. பிகேஜிப்பின் பல வட்டு ஜிப்பில் ஒரு வில்லங்கம் உண்டு: ஒவ்வொரு வட்டுக்கும் அது பிகேபேக் என்று தொடங்கும் பெயரை வட்டுப் பெயராக வைக்கும், விரிக்கும்போது அதைத்தான் தேடும். கோப்பை மட்டும் வேறு வட்டுக்குக் காப்பி செய்தால் அந்தப் பெயர் கூட வராது, வட்டு எண் இரண்டைப் போடு என்று கேட்டபடியே இருக்கும். அந்த வட்டுகளை டிஸ்க்காப்பியால்தான் நகலெடுக்க வேண்டும்.

படி 7: நிறுவும் நிரல் ஏ டிரைவையே கேட்டால்

பழைய செட்டப் நிரல்கள் பல வட்டுகளில் வந்தவை. எல்லா வட்டின் கோப்புகளையும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரே ஃபோல்டரில் கொட்டி ஓட்டினால் பெரும்பாலும் கேள்வி கேட்காமல் ஓடும். கேட்டால், டிஸ்க்1, டிஸ்க்2 என்று பக்கத்துப் பக்கத்து ஃபோல்டர்களில் பிரித்து வைத்து முதல் ஃபோல்டரிலிருந்து ஓட்டுங்கள். இன்ஸ்டால்ஷீல்டு வகை நிரல்கள் அடுத்த ஃபோல்டரைத் தாமே கண்டுபிடிக்கும். ஏ டிரைவைத் தவிர வேறெதையும் ஏற்காத பிடிவாதக்கார நிரல் என்றால் சப்ஸ்ட் கட்டளையால் அந்த ஃபோல்டருக்கே ஏ என்ற எழுத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

படி 8: ஃபிளாப்பியே வேண்டாம் என்று முடிவெடுக்கும் எல்லை

பத்து வட்டைத் தாண்டும் என்றால் துண்டு போடும் வேலையை நிறுத்துங்கள். ஒரு வட்டு கெட்டாலும் மொத்தமும் வீண், வட்டு கூடக் கூட அந்த ஆபத்தும் கூடும். விண்டோஸ் 95 சிடி முழுவதையும் ஃபிளாப்பியில் கொண்டுபோவது இந்த வகையில்தான் வரும்.

எளிய மாற்று, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஐடிஇ-யூஎஸ்பி மாற்றி வழியாகப் புதிய கணினியில் மாட்டி, கோப்புகளை நேரே போட்டுவிடுவது. கழற்ற முடியாத மடிக்கணினி என்றால் எம்எஸ்-டாஸ் 6இல் இன்டர்லிங்க், இன்டர்சர்வர் என்ற ஜோடி இருக்கிறது. இரண்டு பக்கமும் டாஸ் ஓடினால், நல் மோடம் கேபிள் (இரண்டு கணினிகளை நேரே இணைக்கும் சீரியல் கேபிள்) ஒன்று போட்டு ஒரு கணினியின் டிரைவை இன்னொன்றில் பார்க்கலாம். சீரியல் போர்ட்டின் உச்ச வேகமான 115,200இல் கணக்குப்படி 10 எம்பிக்குக் கால் மணி நேரம். நடைமுறையில் கொஞ்சம் கூடும். பேரலல் கேபிள் இருந்தால் இன்னும் வேகம்.

தொழிற்சாலை இயந்திரங்களுக்கு கோடெக் எனும் ஃபிளாப்பி எமுலேட்டர்தான் நிரந்தர வழி. ஃபிளாப்பி டிரைவ் இருந்த அதே இடத்தில் அமரும், பென் டிரைவில் உள்ள பிம்பக் கோப்புகளை இயந்திரத்துக்கு வட்டாகக் காட்டும். ஃபிளாஷ்ஃபிளாப்பி என்ற இலவச ஃபர்ம்வேரை அதில் ஏற்றினால் பல வகை வடிவங்களைப் படிக்கும். இயந்திரத்தின் கேபிள் அமைப்பும் வட்டு வடிவமும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நிறுவி முடித்ததும் ஹார்ட் டிஸ்க்கில் ஒட்டிவைத்த கோப்புகளை, முக்கியமாக விண்டோஸ் 95இன் கேப் ஃபோல்டரை, இடத்துக்காக அழித்துவிடாதீர்கள். நாளைக்கு ஒரு பிரிண்டரோ நெட்வொர்க் நெறிமுறையோ சேர்க்கும்போது விண்டோஸ் மறுபடி அந்தக் கோப்புகளைக் கேட்கும். நிறுவிய அதே இடத்தில் அவை இருந்தால் தானே எடுத்துக்கொள்ளும்.